வெங்கடேஷ்பாபுவின் மூன்று நாள் காய்ச்சல்

காளவாசலில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப்போடும் வெங்கடேஷ்பாபுவுக்கு மாதம் ஒருமுறையாவது காய்ச்சல் வரும். கூடவே, ஆளை நிமிரவிடாத வயிற்றுவலி. மூன்றாம் நாள் இரண்டும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். நாலாம் நாள் தலைசீவி, பவுடர் பூசிக் கடைக்கு வந்து நிற்பவனைப் பார்த்தால் யாருக்குத்தான் நம்பத் தோன்றும்?

"மாப்ள, ஆடித் தள்ளுபடிக்கு மட்டும் எப்படிடா கரெக்டா வருது?" என்பான் கூட வேலை பார்த்த சுருளி.

பதினாறு வயதில் குடல்வால் என்று சொல்லி அறுத்து எடுத்தார்கள். அடுத்த மாதமே வலி திரும்பி வந்தது. பத்து வருடம் கழித்து இன்னொரு டாக்டர், "குடல்வாலை எடுத்துரலாம்" என்றார். இவன் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினான். "அப்ப கேஸ் டிரபிளா இருக்கும்" என்று அவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

2004இல் பார்த்த ஒரு பெண் டாக்டர்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"வீட்ல வேற யாருக்காச்சும் இப்படி வருமா?"

"எங்க அக்கா சீதாலட்சுமிக்கு வரும் டாக்டர். ஆனா அது நடிப்பு."

"யாரு சொன்னா?"

"அவ மாமியார். வேலைக்குப் பயந்து விசேஷ நாளாப் பாத்துப் படுத்துக்கிருவாளாம்."

"அப்ப உங்களுக்கு?"

"எனக்கு நெசமாவே வருதுங்க."

டாக்டர் பேனாவை மூடிவிட்டு அவனையே பார்த்தார். என்ன சொன்னோம் என்பது வெங்கடேஷ்பாபுவுக்கு அப்போதுதான் உறைத்தது.

அக்கா, தம்பி இருவரின் ரத்தமும் வெளியூர் போய், ஒன்றரை மாதத்தில் முடிவு வந்தது. கேட்டுக்கொள்ள அப்பா சீதாராமனும் அம்மாவும் தம்பியோடு வந்தார்கள். உடம்பைக் காக்கும் வெள்ளை அணுக்களை அடக்கி வைக்கும் மரபணு ஒன்றில் பிழை என்றார் டாக்டர். கிருமியே இல்லாமல் அவை சண்டைக்குக் கிளம்பிவிடுகின்றனவாம்.

"இவ வீட்டு வழியிலதான வந்துச்சு?" என்றார் அப்பா.

அம்மா விடுவாளா? வீட்டில் பேசும் சௌராஷ்டிரத்தில் பிடித்துக்கொண்டாள். அவரும் சளைக்கவில்லை. பாஷை புரியாத டாக்டர், "என்ன சொல்றாங்க?" என்றார்.

"நோயைக் கண்டுபிடிச்சதுக்கு சந்தோசப்படுறாங்க டாக்டர்."

"ரெண்டு பேருமே ஆளுக்கு ஒரு பிழை குடுத்திருக்காங்க. ரெண்டும் சேந்தாத்தான் நோய். சொந்தத்துல கல்யாணமா?"

"இவுக எனக்கு அத்தை மகன்" என்றாள் அம்மா. முப்பத்தைந்து வருடத்தில் இருவரும் ஒரே நேரத்தில் வாயை மூடியது அன்றைக்குத்தான்.

மறுநாளே வெங்கடேஷ்பாபு திருநகரில் அக்கா வீட்டுக்குப் போனான். அவள் முன்னால் தலையைத் தொங்கப்போட்டு நின்றான்.

"என்னைய மன்னிச்சிருக்கா."

அவள் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை வாங்கி முழுசாகப் படித்தாள். கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு சொன்னாள்: "ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துட்டு வா. ஒண்ணு எங்க அத்தைக்கு. இன்னொண்ணு ஒனக்கு. தெனம் குளிச்சிட்டுப் படி."

அந்தப் பெண் டாக்டர் எழுதிய மாத்திரையைத் தினமும் சாப்பிட்டதில் தம்பிக்குக் காய்ச்சல் எப்போதாவது எட்டிப்பார்ப்பதோடு சரி. அக்காவுக்கு வலி அறவே நின்றுபோனது. ஆனாலும் அந்தத் தீபாவளிக்கு முந்தின நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தாள். மாமியார் ஒரு வார்த்தை பேசாமல் தனியாக உட்கார்ந்து அதிரசம் சுட்டார்.