கல்லாவை விட்டு எழுந்திருக்காதவர்

செந்தூர்பாண்டி அண்ணாச்சிக்கு யார்மீதும் நம்பிக்கை கிடையாது. துறைமுகச் சாலையில் பலசரக்குக் கடை வைத்த நாளிலிருந்து கல்லாச் சாவியை அவர் யாரிடமும் கொடுத்ததில்லை. பொண்டாட்டி வடிவம்மாள் பருப்பு புடைக்கலாம், பொட்டலம் கட்டலாம், ஏச்சு வாங்கலாம். கல்லாவில் மட்டும் உட்காரக் கூடாது. பணத்தை முந்தியில் முடிந்துகொண்டு சாயர்புரத்து அண்ணன் வீட்டுக்கு ஓடிவிடுவாளாம்!

கடலுக்குப் போகிற படகுக்காரர்கள் அரிசி, மளிகை வாங்கக் காலையிலேயே வந்து மொய்ப்பார்கள். அந்நேரம் கழிப்பறைக்குப் போகச் சொல்லி வயிறு கூப்பிட்டாலும் அண்ணாச்சி எழுந்திருக்கமாட்டார். அடக்குவார். "பாத்தியாளா, நம்ம உடம்பு நாம சொன்னபடி கேக்கும்" என்று பெருமை வேறு. வடிவம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாளடைவில், அவரே போய் உட்கார்ந்தாலும் மலம் போகவில்லை. கடுக்காய்ப் பொடி, எனிமா, ஸ்கேன் எல்லாம் ஆயிற்று. குடலில் கோளாறு இல்லை என்று டாக்டர் பிசியோதெரபிக்கு அனுப்பினார்.

"கக்கூஸ் போறதுக்கு எக்சர்சைசா? என்ன ஏமாத்து வேல!" என்று அண்ணாச்சி குதித்தார். ஆனாலும் வலி அவரை இழுத்துக்கொண்டு போயிற்று; வடிவம்மாளும் கூடப் போனாள்.

பிசியோதெரபிஸ்ட் கிரேசி பட்டென்று சொல்லிவிட்டாள். "வெளிய போகும்போது ஆசனவாயச் சுத்தி இருக்க அடித்தசை தளரணும் அண்ணாச்சி. அடக்கி அடக்கி, உங்களுக்கு அப்ப இறுகுது. காலையில சாப்பிட்டதும் வயிறு கூப்பிடும்லா, அப்பவே போங்க. முக்காம, வயித்தால மூச்சு விட்டு உக்காருங்க."

"காலையிலயா? கல்லாவ யாரு பாப்பா?"

"அக்கா பக்கத்துலதான இருக்காங்க."

முன்பின் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் அண்ணாச்சி வடிவம்மாளைப் பார்த்தார். அவளுக்கு அங்கேயே எழுந்து போய்விடலாம்போல இருந்தது.

மறுநாள் கல்லாவைப் பூட்டிச் சாவியோடு உள்ளே போனார். உட்கார்ந்தது கழிப்பறையில், காது கடையில். பிறகு உடம்பு எப்படித் தளரும்? பல நாள் இதே கூத்துதான். பிசியோதெரபியே பித்தலாட்டம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

ஒரு காலையில் கூட்டம் நெரிந்தது. சில்லறை கொடுக்க வழியில்லை. வடிவம்மாள் கழிப்பறைக் கதவைத் தட்டினாள்.

"சாவியக் குடுங்க. ஆளுவ காத்துக் கெடக்கு."

"பொறுளா, வாரேன்."

"இத்தன வருசம் பொறுத்தாச்சு. குடுக்க மனசில்லன்னா அங்கனயே கெடங்க."

பிறகு கதவின் அடியிடுக்கு வழியாகச் சாவிக்கொத்து வெளியே வந்தது.

அவள் கல்லாவில் உட்கார்ந்து மளமளவென்று ஆட்களை அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சி வேட்டியைக் கட்டிக்கொண்டே ஓடிவந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "ஏளா, போயிட்டு!" என்றார், அத்தனை படகுக்காரர்களுக்கும் கேட்க.

வடிவம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டிய பொண்டாட்டியை நம்ப இந்த மனுஷனுக்கு மலச்சிக்கல் வரவேண்டியிருந்ததே என்று வயிறெரிந்தது. அவர் சாவிக்குக் கையை நீட்டினார்.

"நாளைக்கும் போகணும்லா?" என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.