கோடு வரைக்கும் ஒரு குவளை

காந்தலூரில் மகள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் பூண்டு ஆய்ந்துகொண்டிருந்தேன். நான் முன்பு குடியிருந்த எஸ்டேட் லயத்து வரிசை வீட்டிலிருந்து ஜெயா போனில் கூப்பிட்டாள். “யக்கா, எடைக்கார அண்ணாச்சி போயிட்டாக. காலையில காப்பி குடிச்சிட்டு உக்காந்தவுக அப்படியே சாஞ்சிட்டாக” என்றாள். எனக்கு அழுகை வரவில்லை. “மேஜருக்குச் சோறு யாரு வைக்கா?” என்று அவர் நாயைப் பற்றித்தான் வாயில் வந்தது. “அதெல்லாம் ஆளாளுக்கு வைக்கோம்க்கா, நீ கவலப்படாத” என்றாள். அதைக் கேட்டதும்தான் பூண்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். மாற்றுப்புடவைகூட எடுக்காமல் ஜீப்புக்கு ஓடினேன்.

பதினாறாம் நாளுக்கு அச்சடிக்க அண்ணாச்சியைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதிக் கொடு என்று லயத்துக்காரர்கள் நீங்கள் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். ‘அன்பே உருவானவர்’ என்று ஒரு வரி கட்டாயம் வரவேண்டுமாம். அவர் உயிரோடு இருந்தபோது உங்களில் ஒருவர் வாயிலும் அந்த வார்த்தை வந்ததில்லை. என் வாயிலும் வந்ததில்லை. அதனால் நாலு வரியில் முடிக்க என்னால் ஆகாது. நடந்ததை எழுதித் தருகிறேன், அச்சடிப்பதும் அடிக்காததும் உங்கள் இஷ்டம்.

சுடலைமுத்து அண்ணாச்சி நம் தேயிலைக் கொழுந்தை நிறுத்துப் போட்டவர். மழை நாளில் ஈரத்துக்கு இவ்வளவு, கட்டிவரும் படுதாவுக்கு இவ்வளவு என்று கழிப்பார். முப்பது வருஷம் அவர் தராசுக்கு முன்னால் வரிசையில் நின்றவள் நான். குளிரில் விரல் வெடிக்கக் கிள்ளிவந்த கொழுந்தில் அவர் இரண்டு கிலோ கழிக்கும்போது, இந்த ஆள் நாசமாய்ப் போகட்டும் என்று மனசுக்குள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் என் கூடையில் கழித்ததை விடக் கொஞ்சம் கூடுதலாகத் தன் அண்ணன் பெண்சாதி, சொந்த மைனி கொழுந்தில் கழித்தார். அன்றைக்கும் நாம் அதை நியாயம் என்று சொல்லவில்லை, ஈவிரக்கம் இல்லாதவன் என்றுதான் சொன்னோம்.

அவர் ரிட்டையர் ஆன வருஷம் கீழ் ரோட்டு ரிசார்ட் கைமாறியது. பழைய முதலாளி போகும்போது ஒரு நாயை விட்டுவிட்டுப் போனார். பாதி ராஜபாளையம், மீதி என்ன சாதி என்று யாருக்கும் தெரியாது. கன்றுக்குட்டி உயரம். விருந்தாளிகள் தட்டில் மிச்சம் வைத்த கோழியும் பரோட்டாவும் தின்று வளர்ந்தது. லயத்துப் படி ஏற முடியாமல் நடுவிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கும். அதைத்தான் அண்ணாச்சி கூட்டிவந்து மேஜர் என்று பேர் வைத்தார். கொழுந்து கட்டும் படுதாவில் அதைப் படுக்க வைத்து, நாலு முனையையும் முடிந்து, நாலு ஆண்களைப் பிடித்துக் கொக்கித் தராசில் தூக்கினார். படுதாவைக் கழித்தால் ஐம்பத்து மூன்று கிலோ. இடுப்பெலும்பு இப்போதே தேய்கிறது, நாற்பதுக்குப் பக்கத்தில் வராவிட்டால் பின்னங்கால் விழுந்துவிடும் என்று மாட்டு டாக்டர் சொல்லிவிட்டார்.

பால் அளக்கும் பழைய அலுமினியக் குவளை ஒன்றில் அண்ணாச்சி ஆணியால் ஒரு கோடு கீறினார். சோறும் எலும்பில்லாத கறியும் வேகவைத்த பூசணியும் கலந்து, காலையில் கோடு வரைக்கும் ஒரு குவளை, சாயங்காலம் ஒரு குவளை. அவ்வளவுதான். கோட்டுக்கு மேலே ஒரு பருக்கை நின்றால் விரலால் வழித்து எடுத்துவிடுவார். என் வீட்டுப் பின்படியிலிருந்து பார்த்தால் அவர் வாசல் தெரியும். “நாய்க்குமா அண்ணாச்சி அளந்து போடுவீக?” என்று ஒரு நாள் எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டேன். லயமே சிரித்தது. அவர் விரலால் வழித்துக்கொண்டிருந்தார்.

மேஜர் லேசுப்பட்டது இல்லை. அங்கே நக்கித் துடைத்துவிட்டு நேரே நம் வீட்டு வாசலில் வந்து நாலு நாள் பட்டினி கிடந்த முகத்தோடு உட்காரும். நம் லயத்தில் வாசலுக்கு வந்த வாயில்லாச் சீவனுக்கு ஒரு பிடி வைக்காமல் யாரும் உலை இறக்க மாட்டோம். நான் வைத்தது ஒரு பிடிதான். ஜெயா வைத்ததும் ஒரு பிடிதான். லயத்தில் அண்ணாச்சி வீட்டை விட்டால் பதினொரு வீடு. ஒவ்வொருத்தியும் தன் ஒரு பிடியை மட்டுமே கண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அண்ணாச்சி எடை பார்ப்பார். ஏறியிருந்தால் குவளையில் குறைப்பார். கொழுந்துக்கு ஈரம் கழித்த மாதிரி நம் பிடிகளைக் கழித்தார். கோடு வரைக்கும் இருந்த சோறு முக்கால் ஆயிற்று, அரை ஆயிற்று. அவர் குறைக்கக் குறைக்க, நாம் ஐயோ பாவம் என்று இன்னொரு பிடி சேர்த்தோம். “கறியும் காயுமா நான் போடுத நல்ல சோத்தக் குறைச்சிட்டு, நீங்க போடுத வடையையும் பரோட்டாவையும் அது தின்னுது. பதினோரு வீட்டுப் பாசத்த நான் ஒருத்தன் கழிக்க வேண்டியிருக்கு தாயி” என்று என்னிடம் வந்து கெஞ்சாத குறையாகச் சொன்னார். “கையக் கொண்டா. விலா கையில தட்டணும், கண்ணுல தெரியக் கூடாது. இப்பத் தட்டுதா பாரு” என்று என் உள்ளங்கையைப் பிடித்து நாயின் பக்கவாட்டில் வைத்தார். தட்டவில்லை. மெத்தைபோல இருந்தது. சரி அண்ணாச்சி என்று தலையாட்டினேன். மறுநாளும் ஒரு பிடி வைத்தேன்.

அதற்குப் பிறகுதான் அந்தப் படம். அரைக் குவளைச் சோற்றையும், அதன் முன்னால் மேஜர் தலையைத் தொங்கப்போட்டு நிற்பதையும் போனில் எடுத்தேன். என் மகளுக்கு மட்டும்தான் அனுப்பினேன். ‘பாரு, இந்த மனுஷன் பண்ணுகிற அநியாயத்தை’ என்று எழுதினேன். அவள் யாருக்கோ அனுப்ப, அது எஸ்டேட் குரூப்பெல்லாம் சுற்றியது. மூணாறிலிருந்து பிராணிகள் நலம் பார்க்கிற இரண்டு பேர் ஜீப்பில் வந்து, லயமே வேடிக்கை பார்க்க அவரை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். வாழ்நாள் முழுக்க மற்றவர்களை வரிசையில் நிறுத்தி எடை போட்ட மனிதர் அன்றைக்குக் கைகட்டி நின்றார். அவர்கள் நாயை எடை போட்டார்கள், விலாவைத் தொட்டுப் பார்த்தார்கள், சாப்பாட்டைக் கிளறிப் பார்த்தார்கள். “இவர் சரியாத்தான் பாக்குறார், நீங்கதான் கெடுக்குறீங்க” என்று நம்மிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அதை நம்மில் ஒருவரும் எந்தக் குரூப்பிலும் போடவில்லை.

மறுநாள் முதல் அண்ணாச்சி மேஜரைக் கட்டிப்போட்டார். காலையிலும் மாலையிலும் சங்கிலியோடு அவரே நடத்திக் கூட்டிப்போவார். என் வீட்டுக்குக் காப்பி குடிக்க வருவது நின்றது. ஒரே ஒரு தடவை, தண்ணீர்க் குழாயடியில், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “உன் வீட்டுப் படியில இருந்து எடுத்தா அப்படித்தான் தெரியும், மாரி.” மன்னிச்சிருங்க என்று அப்போதே சொல்லியிருக்கலாம். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அப்புறம் நான் காந்தலூருக்கு வந்துவிட்டேன். சொல்வதற்கு ஒரு வருஷம் இருந்தது, சொல்லவில்லை.

அன்றைக்கு ஜீப்பை விட்டு இறங்கி வந்தால், பெஞ்சில் அண்ணாச்சி கிடக்கிறார். பெஞ்சுக்கு அடியில் மேஜர். அதைச் சுற்றி இட்லி, பன், பிஸ்கெட், யாரோ பால்பாயசம்கூட வைத்திருந்தீர்கள். ‘எசமான் போன துக்கம், அது மனசு ஆறட்டும்’ என்றீர்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில், “எடுங்கடி எல்லாத்தையும்! அந்த மனுஷன் ரெண்டு வருஷம் பட்ட பாட்ட ஒரே நாள்ல திங்க வைக்கியளா?” என்று தட்டுகளைக் காலால் தள்ளினேன். சாவு வீட்டில் இப்படிக் கத்துகிறாளே என்று முணுமுணுத்தீர்கள். கத்தியது தப்பில்லை. இரண்டு வருஷம் முன்னாலேயே கத்தாமல் விட்டேனே, அதுதான் தப்பு. குனிந்து நாயின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தேன். விலா கையில் தட்டியது. கண்ணுக்குத் தெரியவில்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

திருப்பூரிலிருந்து வந்த அவர் மகன் நாயை என்னிடமே கொடுத்துவிட்டான். குவளையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். காந்தலூர் காய்கறி மண்டித் தராசில் போன ஞாயிற்றுக்கிழமை மேஜரைத் தூக்கிப் பார்த்தோம். சாக்கைக் கழித்து நாற்பத்தொன்று. அண்ணாச்சி விட்ட இடத்திலேயே நிற்கிறது. படி ஏறுகிறது, இறங்குகிறது.

நேற்றுச் சாயங்காலம் குவளையில் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மருமகள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, “ஏன் பெரியம்மா, நாய்க்குமா அளந்து போடுவீங்க?” என்று சிரித்தாள். அவள் கையில் போன் இருந்தது. குவளையைத் தூக்கிக் கோட்டைப் பார்த்தேன். கோட்டுக்கு மேலே நின்றதை விரலால் வழித்து எடுத்தேன்.