கண்ணாடியிடம் கோரா சொன்னது

வெள்ளைத் துணிகளைத் தேயிலைத் தண்ணீரில் முக்கி எடுப்பது கோரா டட்டிலின் காலை வேலை. தூய வெள்ளை கேமராவுக்கு ஆகாது. விளக்கு வெளிச்சத்தில் தீப்பிடித்ததுபோல் கண்ணைக் கூச வைக்கும். ஆகவே நியூயார்க்கின் அஸ்டோரியாவில், ஊமைப்படங்கள் எடுக்கும் படப்பிடிப்புக் கூடத்தின் பின்கட்டில், கழுத்துப்பட்டை, கையுறை, உள்பாவாடை என்று ஒவ்வொன்றாய் அண்டாவில் முக்கி, லேசாகப் பழுப்பேறியதும் பிழிந்து கொடியில் போடுவாள். வயது முப்பத்தேழு. அதில் பதினொரு வருடம் மேடையில் இருபது பெண்களோடு வரிசையில் நின்று காலைத் தூக்கி ஆடியதில் போயிற்று. முழங்கால் மக்கர் செய்த பிறகுதான் துணிப்பக்கம் வந்தாள்.

சொந்த ஊர் ஒஹையோவில். பதினாறு வயதில் ஓர் ஆட்டக் குழுவோடு ரயிலேறினவள், பதினெட்டில் வயிற்றில் பிள்ளையோடு திரும்பி வந்தாள். குழுவில் டிரம் அடித்தவன் எந்த ரயிலில் போனானோ, போனவன் போனவன்தான். அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டாள். பிறந்த குழந்தையைத் தன் கடைக்குட்டி என்று ஊரில் சொல்லிவிட்டாள். ஹேசல் அப்படித்தான் கோராவுக்குத் தங்கையானாள். அம்மா இறந்தபோது ஹேசலுக்கு ஒன்பது வயது. நியூயார்க்குக்கு அழைத்து வந்து அக்காவாகவே வளர்த்தாள் கோரா. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறக்கும்போதெல்லாம் ஏதாவது ஒன்று குறுக்கே வரும்: காய்ச்சல், பள்ளிப் பரீட்சை, கிறிஸ்துமஸ்.

போன இலையுதிர் காலத்தில் ஆட்டக்காரிகளின் வாழ்க்கையை வைத்து ஒரு படம் எடுத்தார்கள். வயதாகிப்போன ஆட்டக்காரி ஒருத்தி கண்ணாடி முன் அழ வேண்டும். வந்த நடிகை அழுதது யாருக்கும் பிடிக்கவில்லை. கழுத்துப்பட்டையோடு அந்தப் பக்கம் போன கோராவை இயக்குநர் லெயின் பிடித்துக்கொண்டார்.

"நீ மேடையில ஆடினவதானே? உட்காரு. கண்ணாடியப் பாத்து அழு."

"என்ன சார் பேசணும்?"

"என்ன வேணா பேசு. வீட்டுக்காரன திட்டு. யார் காதுல விழப்போகுது? வாய் அசைஞ்சா போதும்."

அழுகைக் காட்சி என்றால் பக்கத்தில் வயலின் வாசித்து அழுகையை வரவழைக்க ஓர் ஆள் உண்டு. அவர் வில்லை இழுத்தார். கோரா கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். பத்தொன்பது வருடமாக ஒருவரிடமும் சொல்லாதது தானாக வந்துவிட்டது. "ஹேசல் என் தங்கச்சி இல்ல. நான் பெத்த பொண்ணு. அவ அக்கான்னு கூப்பிடுறப்பல்லாம், ஒரு தடவ அம்மான்னு கூப்பிட மாட்டாளான்னு இருக்கு."

"பிரமாதம்!" என்றார் லெயின். கோரா மூக்கைச் சிந்திவிட்டு அண்டாவிடம் திரும்பிப் போனாள்.

குளிர்காலத்தில் ஹேசலுக்கும் ஆஸ்கர் வெண்டலுக்கும் கல்யாணம் நிச்சயமாயிற்று. அப்போதுதான் ஆஸ்கரின் அம்மா மின்னாவைக் கோரா பார்த்தாள். பன்னிரண்டு வயதில் வந்த காய்ச்சலில் மின்னாவுக்குக் காது போய்விட்டது. உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வாள். தன் குரல் தனக்கே கேட்காததால் தெருமுனை வரை கேட்கும்படி பேசுவாள். சினிமாவுக்குப் போவதே நடிகர்கள் நிஜத்தில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று பார்க்கத்தான். படம் விட்டதும் வாசலில் அவளைச் சுற்றிக் கூட்டம் கூடும்.

"கட்டிப்பிடிச்சுக்கிட்டே அவன் என்ன சொன்னான் தெரியுமா? 'வெங்காயம் தின்னுட்டு வராதேன்னு எத்தனை தடவ சொல்றது'ன்னான்!"

ஏப்ரலில் அந்தப் படம் அவர்கள் தெருத் தியேட்டருக்கே வந்தது.

"அக்கா, உன் மூஞ்சி திரையில வரப்போகுது! அத்தை ஞாயித்துக்கிழமைக்கு நாலு டிக்கெட் வாங்கிட்டாங்க," என்றாள் ஹேசல்.

"எனக்குத் தலைவலி."

"ஞாயித்துக்கிழமை வர்ற தலைவலி செவ்வாக்கிழமையே தெரிஞ்சிடுதா?"

வெட்டி எறிந்திருப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு போனாள். வெட்டவில்லை. சுவர் அளவு பெரிதாக அவள் முகம் வந்தது. 'என் இளமையை இந்த விளக்குகள் தின்றுவிட்டன!' என்று வசனத்தை எழுதிக் காட்டும் அட்டை திரையில் வருவதற்குள் அவள் உதடுகள் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தன. உதடு படிக்கத் தெரியாத கோராவுக்கே படிக்க முடிந்தது. பக்கத்தில் மின்னா மிட்டாய் சப்புவதை நிறுத்திவிட்டாள். அந்தப் பக்கம் ஹேசல் கைக்குட்டையில் மூக்கைத் துடைத்தபடி, "நல்லா அழுற அக்கா," என்று கிசுகிசுத்தாள்.

வாசலில் கூட்டம் காத்திருந்தது. "காப்பி போடணும்," என்று மின்னா விறுவிறுவென்று நடந்தாள். அப்படி நடந்து யாரும் பார்த்ததில்லை.

வெண்டல் வீட்டு முன்னறையில் கேக்கை வெட்டி வைத்ததும் ஆஸ்கர் அம்மாவின் முகத்துக்கு நேராகக் குனிந்தான். "அம்மா, கோரா அக்கா கண்ணாடி முன்னாடி என்ன பேசினாங்க?"

"ஆமா அத்தை, சொல்லுங்க!" என்றாள் ஹேசல்.

கோரா கோப்பையைக் கீழே வைத்தாள். மின்னா வாயைத் திறந்தால் மாடி வீடுவரை கேட்கும். பெற்றவள் யார் என்று ஹேசல் இன்னொருத்தி வாயால், கேக் தட்டோடு உட்கார்ந்து தெரிந்துகொள்ளப் போகிறாள்.

மின்னா முள்கரண்டியை வைத்துவிட்டுக் கோராவை ஒருமுறை பார்த்தாள்.

"என்னத்தப் பேசினா? மளிகைச் சாமான்!" என்று வீடு அதிரச் சொன்னாள். "'ரெண்டு பவுண்டு வெண்ணெய், ஒரு டஜன் முட்டை, அந்தக் கசாப்புக்காரன் குடுத்த எலும்புல பொட்டுக் கறி இல்ல'ன்னு. அதுக்கு அந்த ஒப்பாரி!"

ஆஸ்கர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அடிப்பாவி அக்கா! எலும்புக்கா நான் கைக்குட்டைய நனைச்சேன்?" என்று ஹேசல் அவள் தோளில் அடித்தாள்.

"அந்த எலும்ப நீ பாத்திருந்தா நீயும்தான் அழுதிருப்ப," என்றாள் கோரா. எங்கிருந்து குரல் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. முதுகில் பாதி நாளாய் விறைத்துக் கிடந்த ஏதோ தளர்ந்தது. திடீரென்று பசித்தது. இரண்டு துண்டு கேக் சாப்பிட்டாள், மூன்றாவதையும் எடுத்தாள்.

கோப்பைகளைக் கழுவ அவள் சமையலறைக்குப் போனபோது மின்னா பின்னால் வந்து கதவைச் சாத்தினாள். குரலே எழுப்பாமல், உதட்டை மட்டும் அசைத்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னாள்: "கல்யாணத்துக்கு முன்னாடி நீயே சொல்லிடு."

கோரா தலையாட்டினாள். சொல்லிவிட முடியும் என்றுதான் தோன்றியது. ஒருத்திக்குத் தெரிந்தும் கூரை இடிந்து விழவில்லையே.

மின்னா திரும்பிப் பாலேட்டுக் கிண்ணத்தை எடுத்தாள்.

"சொன்னா, அதுக்கப்புறம் அவ என்னை என்னன்னு கூப்பிடுவா?" என்று கேட்டாள் கோரா.

முதுகைக் காட்டி நின்ற மின்னா முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு, சிரிப்புச் சத்தம் கேட்ட முன்னறைக்குப் போய்விட்டாள்.