மாரிமுத்துவுக்கு இரண்டு பந்தி

போன வாரம் முழுக்க எங்கள் தோட்டத்தில் ஒரு மனிதர் தினமும் இரண்டு தடவை இராச்சாப்பாடு சாப்பிட்டார். விளக்கு வைத்ததும் ஒரு தடவை. எட்டு மணிக்கு மேல் இன்னொரு தடவை.

பெருந்தீனிக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாம் மரியாதை... மரியாதை படுத்திய பாடு!

அவர் பெயர் மாரிமுத்து. தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து மலையில் கத்தி பிடிக்கிறவர். ஒல்லியான ஆள். இரவில் இரண்டு ரொட்டியும் ஒரு கோப்பைச் சாயத்தண்ணியும் அவருக்கு யதேஷ்டம். மனைவி செல்லம்மா கொழுந்து எடுக்கிறவர். எப்போதோ இந்தியாவுக்குப் போட்ட விண்ணப்பம் இப்போதுதான் தூங்கி எழுந்து வந்து, இரண்டு பேருக்கும் கப்பலுக்கு நாள் குறித்துவிட்டது. போகாவிட்டால் என்ன என்கிறீர்களா? அதைக் கேட்கக் கொழும்புக்குப் போகவேண்டும். கேட்டுவிட்டு விளங்கித் திரும்பியவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

ஒரே மகள் ராசாத்தி போகவில்லை. அவள் புருஷனுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. ஆற்றோரத்துக் கீழ் லயத்து வரிசையில் அவர்களுக்கு ஒரு காம்பரா, ஒற்றை அறை வீடு. ராசாத்தி இப்போது ஐந்து மாதம்.

லிந்துலைப் பக்கத்தில் இதெல்லாம் இப்போது செய்தியே இல்லை. ஒரு குடும்பம் போகும், ஒரு கதவு பூட்டப்படும், அடுத்த குடும்பம் பெட்டி வாங்கத் தலவாக்கலைக்குப் பஸ் ஏறும். போகிறவர்களைச் சும்மா அனுப்ப எங்களுக்கு மனம் வராது. ஒவ்வொரு வீடும் கூப்பிட்டுச் சாப்பாடு போடும். 'எங்க வீட்டுல கை நனைக்காமப் போயிட்டாங்க' என்று ஒரு பேச்சு வந்துவிட்டால், கடல் தாண்டினாலும் அது தீராது.

முன்பெல்லாம் இது தானாக நடந்தது. கூப்பிட்டார்கள், போனார்கள், சாப்பிட்டார்கள். அவ்வளவு எளிதாக ஒரு காரியம் நடந்தால் நம்மவர்களுக்குப் பொறுக்குமா? கமிட்டி போட்டார்கள்.

கமிட்டிக்குத் தலைமை பெரிய கிளாக்கர் ஞானப்பிரகாசம் ஐயா. நல்ல மனிதர். ஞாயிறு பூசைக்குக் கூட மணி அடிப்பதற்கு முன்பே போய் நின்று, சாமியாரை நேரம் கேட்கிறவர். துரை பங்களாவில் கழித்துப் போடும் ஆங்கில சஞ்சிகைகளையெல்லாம் விடாமல் படிப்பார். அப்படிப் படித்ததில்தான் உல்லாசக் கப்பல்களைப் பற்றி அவருக்குத் தெரிய வந்தது. அது எங்கள் போதாத காலம்.

"மாஸ்டர், அந்தக் கப்பல்கள்ல ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரெண்டு பந்தி. முதல் பந்திக்காரங்க சாப்பிடும்போது மத்தவங்க டான்ஸ் பார்ப்பாங்க. அப்புறம் இவங்க டான்ஸ் பார்க்க, அவங்க சாப்பிடுவாங்க. என்ன ஒழுங்கு பாருங்க!" என்றார் என்னிடம்.

"நல்ல ஒழுங்குதான். நமக்கென்ன?"

"நமக்கும் அதே சிக்கல்தானே? வீடு நிறைய. நாள் குறைச்சல். அதனால ஒவ்வொரு நாளும் ரெண்டு பந்தி. முதல் பந்தி ஒரு வீட்டுல, ரெண்டாம் பந்தி இன்னொரு வீட்டுல. நடுவுல நிகழ்ச்சி."

நான் கணக்கு வாத்தியார் அல்லவா... எங்கேயோ இடித்தது.

"ஐயா, கப்பல்ல ஒரு பந்தியில சாப்பிட்டவர் அடுத்த பந்தியிலயும் சாப்பிடுவாரா?"

"அது வெள்ளைக்காரன் கப்பல், மாஸ்டர். இது நம்ம தோட்டம்" என்றார்.

அதோடு விவாதம் முடிந்தது. கப்பலில் ஆட்கள் அதிகம், மேசை குறைவு. எங்கள் தோட்டத்தில் மேசை அதிகம், ஆட்கள் இரண்டே பேர். இந்தச் சின்ன வித்தியாசத்தைக் கமிட்டியில் ஒருவரும் கவனிக்கவில்லை. கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள்.

ஆக, பகலெல்லாம் மலையில் வேலை. கடைசி நாள் வரை கூலிக் கணக்கில் பேர் விழவேண்டுமே! இறங்கி வந்து கால் கழுவியதும் முதல் பந்தி. கோழிக்குழம்பு, சோறு. அது தொண்டையை விட்டு இறங்குவதற்குள் நிகழ்ச்சி. ஒரு நாள் பஜனை. ஒரு நாள் வாலிபர் சங்கத்தின் நாடகம். ஒரு நாள் இவர்களைக் கௌரவிக்க வொலிபோல் மெட்ச். அன்றைக்கு மூடுபனி வேறு. பந்தும் தெரியவில்லை, வலையும் தெரியவில்லை. மாரிமுத்து நடுவில் ஒரு கதிரையில் மாலையோடு உட்கார்ந்து பனியைப் பார்த்துக் கைதட்டினார். அது முடிந்ததும் இரண்டாம் பந்தி. மறுபடி கோழிக்குழம்பு, சோறு.

நடு வாரத்தில் அவரைக் குறுக்குப் பாதையில் பிடித்தேன். முகம் வீங்கியிருந்தது.

"என்ன மாரிமுத்து, வாரம் எப்படிப் போகுது?"

"கோழி கூவுற சத்தம் கேட்டாலே வயித்தக் கலக்குதுங்க மாஸ்டரய்யா."

"போதும்னு சொல்ல வேண்டியதுதானே?"

"எப்புடிங்க சொல்றது? அரிசிய மிச்சம் புடிச்சு வச்சு ஆக்குறாங்க. முட்டைக்குன்னு வளத்த கோழிய அடிக்கிறாங்க. வேணாம்னு சொன்னா அவங்க மொகம் என்னாகும்?"

ஒரு மனிதர் தன் வயிற்றைக் கொடுத்து ஊர் முகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். கமிட்டியோ நேரம் தவறவில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தது.

அன்று மாலை கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு செல்லம்மா நேரே எங்கள் குவாட்டர்ஸுக்கு வந்தார். என் மனைவியும் நான் படிப்பிக்கும் தோட்டப் பள்ளிக்கூடத்தில்தான் படிப்பிக்கிறாள். கூடையை வாசலில் இறக்கிவிட்டு அவளிடம் மெதுவாகச் சொன்னார்.

"டீச்சரம்மா, எனக்கு ஒரே ஒரு பொழுது வேணும். கிளாக்கரய்யாகிட்ட நீங்கதான் சொல்லணும்."

"எதுக்கு செல்லம்மா?"

"ராசாத்திக்கு ஏழாம் மாசச் சோறு ஊட்டணுங்க. ஏழாம் மாசத்துல நான் எங்கிட்டு இருப்பேனோ. தாய் கையால ஒரு வா சோறு இல்லாம எம்மக எப்புடிப் புள்ள பெறுவா? வெளக்கு வச்சு, அவ வீட்டுலயே ஆக்கி, ஊட்டிட்டுப் போயிர்றேன். அது போதும்."

வயிற்றுப் பிள்ளைக்காரிக்குத் தாய் வீட்டார் சோறு ஊட்டுவது எங்கள் சனங்களுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. என் மனைவி அந்த நிமிடமே கிளாக்கர் வீட்டுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். அவள் அந்த நடை நடந்தால் நான் எப்போதும் பின்னால்தான் போவேன்.

ஞானப்பிரகாசம் ஐயா ஆச்சரியப்பட்டார். "மகள் வீடா? அது சொந்த வீடாச்சே! எப்ப வேணும்னாலும் போகலாமே. அதுக்கு எதுக்கு டீச்சர் நேரம் ஒதுக்கணும்?"

"எப்ப ஐயா? பகல் முழுக்க மலை. ராத்திரி முழுக்க உங்க பந்தி."

"ரெண்டாம் பந்தி முடிஞ்ச பிறகு போகட்டுமே. யார் தடுத்தது?"

உண்மைதான், யாரும் தடுக்கவில்லை. எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று நாம் ஒதுக்கி வைக்கிறவர்களையெல்லாம் எண்ணிப் பாருங்கள்... எத்தனை பேரை இதுவரை பார்த்திருக்கிறோம்? முகம் தெரியாதவன் கல்யாணத்துக்கு முதல் பஸ்ஸில் போவோம். கூடப் பிறந்தவள் வீட்டுக்கு அடுத்த தீபாவளிக்குப் போவோம்.

அன்றைக்கும் இரண்டாம் பந்தி முடிந்தபோது மழை பிடித்துக்கொண்டது. செல்லம்மாவால் கீழ் லயத்துக்கு இறங்க முடியவில்லை. மறுநாள் நாடகம் முடியவே வெகு நேரமாகிவிட்டது. ராசாத்தி இரண்டு நாளும் ஆக்கி வைத்து, விளக்கேற்றிக் காத்திருந்திருக்கிறாள். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் என் மனைவியைக் கண்டதும் வெடித்துவிட்டாள்.

"எங்கம்மா ஊரெல்லாம் சாப்புடுது டீச்சர். எங்க வீட்டுல மட்டும் ஒல சும்மா கொதிக்குது. நான் என்ன தப்புப் பண்ணேன்? மகளாப் பொறந்ததா?"

கடைசி மாலை வந்தது. முதல் பந்தி தொழிற்சங்கத் தலைவர் வீட்டில். பிறகு பள்ளிக்கூடத்தில் பிரியாவிடைக் கூட்டம். இரண்டாம் பந்தி கிளாக்கர் ஐயாவின் குவாட்டர்ஸில்... மேசை, கதிரை, பீங்கான் தட்டுகளோடு. ஒரு கவ்வாத்துக்காரர் பெரிய கிளாக்கர் வீட்டு மேசையில் சாப்பிடுவது எங்கள் தோட்டத்தில் இதுவரை நடந்ததில்லை. அந்தப் பெருமையில் ஐயா காலையிலிருந்தே தரையில் கால் பாவாமல் நடந்தார்.

பெற்றோல்மாக்ஸ் விளக்கு வெளிச்சத்தில் கூட்டம் தொடங்கியது. தலைவர் பேச எழுந்தார். அவருக்குப் பேச எழத் தெரியும். உட்காரத்தான் தெரியாது. தேயிலையில் தொடங்கினார், கப்பலுக்கு வந்தார், அங்கிருந்து தாய்க்குத் தாவினார்.

"தாயையும் பிள்ளையையும் பிரிக்கிறாங்களே, தோழர்களே! தாய் ஒரு கரை, பிள்ளை ஒரு கரை! இந்தக் கொடுமையை நாம பார்த்துக்கிட்டு இருக்கலாமா?"

பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அந்தத் தாய் மேடையில் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிள்ளை பத்து நிமிட நடைத் தூரத்தில் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

செல்லம்மா எழுந்தார். கழுத்து மாலையைக் கழற்றிக் கதிரையில் வைத்தார். ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாமல் படியிறங்கி வெளியே நடந்தார்.

தன் பேச்சைக் கேட்டு அழுகை தாங்காமல் போகிறார் என்று தலைவர் நினைத்துக்கொண்டார். குரலை இன்னும் உயர்த்தினார். மாரிமுத்து பாதி எழுந்தார். தலைவரின் கை அவர் தோளை அமுக்கியது. சிறிது நேரம் கழித்து மாரிமுத்து சுண்டுவிரலைக் காட்டினார். அதற்கு எந்தக் கமிட்டியும் தடை போட முடியாதே! போனவர் போனவர்தான்.

நன்றியுரை வந்தபோது நன்றி சொல்லப்பட வேண்டிய இரண்டு பேரும் மேடையில் இல்லை. நன்றி மட்டும் தடையில்லாமல் நடந்தது.

"மாஸ்டர், எட்டு மணி தாண்டியாச்சு. கறி ஆறுது. போய்க் கூட்டிட்டு வாங்க" என்றார் கிளாக்கர் ஐயா. பாவம், அவர் முகத்தில் உண்மையாகவே கவலை.

நானும் மனைவியும் டோர்ச் அடித்துக்கொண்டு கீழ் லயத்துக்கு இறங்கினோம். காம்பராக் கதவு திறந்திருந்தது. ராசாத்தி ஒரு பலகையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையிலும் புதுக் கண்ணாடி வளையல். எதிரே செல்லம்மா, மடியில் சோற்றுத் தட்டு. மாரிமுத்து மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு அது அவருக்கு இரண்டாவது சாப்பாடு. முகத்தைப் பார்த்தால் அந்த வாரத்திலேயே முதல் சாப்பாடு போலத் தெரிந்தது.

செல்லம்மா எங்களைப் பார்க்கவில்லை. ஒரு பிடி உருட்டினார்.

"இது ஏழாம் மாசத்துக்கு. வாயத் தொற."

ராசாத்தி வாங்கிக்கொண்டாள். அடுத்த பிடி.

"இது ஒம்பதாம் மாசத்துக்கு... இது நீ பெத்து எந்திரிச்சு உக்காந்ததுக்குப் பொறகு..."

"போதும்மா."

"போதும்னு சொல்லாத. இது புள்ளைக்குப் பேரு வைக்கிற அன்னைக்கு. இது அது நடக்கப் பழகுற அன்னைக்கு. தொற சாமி... எல்லாத்தையும் இப்பவே ஊட்டிட்டுப் போயிர்றேன்."

நான் வாசலோடு நின்றுவிட்டேன். இந்தப் பத்திரிகைப் பத்தியில் அழுத கதை எழுதினால் நீங்கள் கேலி செய்வீர்கள் என்று தெரியும். செய்துகொள்ளுங்கள். அழுதேன்.

கூப்பிட வந்ததை நாங்கள் சொல்லவே இல்லை. அப்படியே ஏறிப் போய்விட்டோம். கிளாக்கர் வீட்டுக் கறி வீணாகவில்லை. கமிட்டி முழுவதும் உட்கார்ந்து தியாக உணர்வோடு சாப்பிட்டு முடித்தது. தலைவர் இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டார். பேசிக் களைத்தவர் அல்லவா!

மறுநாள் தலவாக்கலை ஸ்டேஷனில் ரயில் ஏறியவர்களைப் பற்றி எழுத எனக்கு இப்போது தெம்பில்லை. ராசாத்தி அந்தப் பெட்டியின் சன்னல் கம்பியை விடவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நேற்று ஞானப்பிரகாசம் ஐயா மறுபடி எங்கள் வீட்டுக்கு வந்தார். மேட்டு லயத்தில் அடுத்த குடும்பத்துக்குக் கப்பல் நாள் வந்துவிட்டதாம். அவர்களின் மகன் இங்கேயே தங்குகிறானாம்.

"டீச்சர், இந்தத் தடவை மகன் வீட்டை முதல்லயே சேர்த்துட்டேன். எத்தனை மணிக்கு வைக்கலாம், சொல்லுங்க" என்றார், பேனாவைத் திறந்துகொண்டு.

என் மனைவி அவருக்கு ஒரு கோப்பைத் தேநீரைக் கொடுத்தாள்.

"அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் மணி போடாதீங்க ஐயா."