நாய்க்குட்டிப் படத்துக்குக் கீழே எழுதியது

எங்கள் பாடசாலையில் ஒன்றாகப் படித்தவர்கள் இணையத்தில் ஒரு குழு வைத்திருந்தோம். இரண்டாயிரத்துப் பத்துக்கு முந்திய சில வருடங்கள் அவை. நான் நோர்வூட்டில் ஆசிரியை. சனிக்கிழமைகளில் ஹட்டன் நெட் கபேயில் உட்கார்ந்து எல்லாருடைய கதைகளையும் வாசித்துவிட்டு வருவேன்.

ஒருநாள் எங்கள் ரொட்வீலர் குட்டியின் படத்தைப் போட்டேன். தேயிலைத் தோட்டத்தில் பக்கத்து லயத்து வரிசை வீட்டில் என்னோடு வளர்ந்த சிநேகிதி அப்போது பூண்டுலோயாவில் தபால் கந்தோரில் வேலை செய்தாள். அந்தச் சாதியே கொலைகார நாய், பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு ஆகாது என்று படத்துக்குக் கீழே எழுதியிருந்தாள். எனக்குச் சுருக்கென்றது. பிறப்பை வைத்து நாயை ஒதுக்குகிறவள் மனுசரையும் அப்படித்தான் ஒதுக்குவாள் என்று பதில் போட்டேன். அத்தனை பேர் பார்க்கிற இடம். சிலர் பாராட்டவும் செய்தார்கள். அவள் குழுவை விட்டே போய்விட்டாள். அதன்பிறகு நான் போன் எடுத்துக் கூப்பிட்டாலும் பேசவில்லை.

வீட்டில் அம்மாவிடம் குறையாகச் சொன்னேன். அம்மா கேட்டது ஒன்றுதான்: "அவ காலு ஒனக்கு மறந்துபோச்சா?"

மறந்துதான் போயிருந்தது. பள்ளிக்கூட நாட்களில் மலையில் கொழுந்து பறித்த அம்மாமாருக்கு நாங்கள் இருவரும் தேத்தண்ணி கொண்டுபோவோம். ஒருநாள் தோட்டத் துரையின் பங்களா நாய் துரத்தியது. நான் மண்மேட்டில் ஏறிக்கொண்டேன். அவளால் ஏற முடியவில்லை. கெண்டைக்காலைக் கவ்வி இழுத்துவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் தையல் போடும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்.

மறுநாளே பூண்டுலோயாவுக்கு பஸ் ஏறினேன். கதவைத் திறந்தவள் உட்காரச் சொன்னாள், தேத்தண்ணி வைத்தாள். மன்னிப்புக் கேட்டேன். அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நாயப் பத்தி நான் சொன்னது தப்பாவே இருக்கட்டும். மனுசர ஒதுக்குறவன்னு எழுதுனியே, அதத்தான் தாங்க முடியல. தோட்டத்துப் பிள்ளைகன்னு நம்மள எத்தன பேரு ஒதுக்கியிருக்காங்க. ரெண்டு பேரும் சேந்துதானே அழுதோம்."

எழுதியதை அழித்துவிடவா என்று கேட்டேன். அழிக்க வேண்டாம், தப்பு என்று அதற்குக் கீழேயே எழுது என்றாள். அடுத்த சனிக்கிழமை அப்படியே எழுதினேன். அந்த வாரமே குழுவுக்குத் திரும்பி வந்தாள்.

டிசம்பர் லீவில் மகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். நாயைப் பின்பக்கம் கட்டியிருந்தேன். குசினி ஜன்னலருகே நின்று வெகுநேரம் அதையே பார்த்தாள். கூட்டிவரவா என்றேன்.

"வேணாம். இங்கருந்தே பாக்குறேன்."

பிறகு அதன் பெயரைக் கேட்டாள். சொன்னேன். மெதுவாக ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தாள். நாய் எழுந்து நின்று வாலாட்டியது. அவள் ஓரடி பின்வாங்கினாள். அப்புறம் சிரித்துக்கொண்டே மறுபடியும் ஜன்னலுக்கு வந்தாள்.