பஸ்ஸில திறந்த பழைய சட்டம்

இண்டைக்கு வேலை முடிஞ்சு நோர்வேயில நான் இருக்கிற பியோர்ண்டால் பக்கம் போற பஸ்ஸில லப்டொப்பைத் திறந்ததுதான் நான் விட்ட பிழை.

அமெரிக்காவின்ரை பழைய சட்டப் புத்தகங்களுக்குள்ளை இருக்கிற இன ஒதுக்கல் சட்டங்களைத் தானாகக் கண்டுபிடிக்கக் கொம்பியூட்டரைப் பழக்கிறதுதான் என்ரை வேலை.

கறுப்பினத்தவர் வெள்ளையருக்குப் பக்கத்தில இருந்து பயணம் செய்யக்கூடாது எண்ட வரி திரையில பெரிசாகத் தெரிஞ்சுது.

எனக்குப் பக்கத்தில இருந்தது ஒரு கறுப்பினப் பெண். அவ அதை வாசிச்சா. எழும்பிப் போய்க் கதவடியில நிண்டா.

நான்தான் எழுதினனான் எண்டு நினைச்சிட்டாவோ? சும்மா இருக்க ஏலேல்லை. எழும்பிப் போய் நோர்வேஜிய மொழியில சொன்னன்:

"மன்னிக்கோணும், அது நான் எழுதினதில்லை. எப்பவோ இருந்த சட்டம். அதுகளைத் தேடிப் பதிஞ்சு வைக்கிறம்."

அவ என்னை ஒருக்கா வடிவாப் பார்த்தா.

"நான் இறங்கத்தான் எழும்பினனான்," எண்டா.

அப்பாடா எண்டு இருந்துது.

கதவு திறக்கேக்கை அவ திரும்பினா. "ஆனா வாசிக்கேக்கை, இது இப்ப புதுசா வந்த சட்டமாக்கும் எண்டு பயந்திட்டன்."

அப்பிடியே இறங்கிப் போயிட்டா. கதவு பூட்டினபடியால் நான் பதில் சொல்லாமல் தப்பினன்.

நீங்களெண்டால் என்ன சொல்லியிருப்பியள்?