புருஷன் பெயரை வாய்விட்டுச் சொன்னேன்

1946ஆம் வருஷம், ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தின் இரண்டாம் வாரம். திண்டிவனத்தில் மல்லாட்டை மில்லில் வேர்க்கடலைப் பருப்புப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். என் நாத்தனார் பிலோமினா ஒரு கவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள்.

"அண்ணீ! மலாயாவுல இருந்து லெட்டரு வந்துக்குது அண்ணீ!"

மடியில் இருந்த பருப்பெல்லாம் கொட்டிப்போனது. நாலு வருஷமாக ஒரு வரி இல்லை. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்ததிலிருந்து என் வீட்டுக்காரர் இருக்கிறாரா, போய்விட்டாரா என்றே தெரியாது. தெருவில் பாதிப் பேர் என் தாலியைப் பார்த்துவிட்டுத்தான் என் முகத்தையே பார்ப்பார்கள். நான் முறைத்தால் திரும்பிக்கொள்வார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

என் பெயர் ஆரோக்கியம்மாள். எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, மாதா கோயிலில் வேதம் சொல்லிக்கொடுக்கிற எங்கள் உபதேசியார் எழுதுகிறார். என் பேச்சைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறார், அது அவர் பாடு. நடந்ததை மட்டும் மாற்றக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். எனக்குப் பொறுமை கிடையாது என்பது கோயிலுக்கு வருகிற எல்லாருக்கும் தெரியும். அதையும் எழுதச் சொன்னேன்.

அன்றைக்குக் கடிதத்தைப் படித்ததும் இந்த உபதேசியார்தான். பாதியில் நிறுத்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். எனக்கு உயிரே போய்விட்டது. "இன்னா ஐயா, படிங்க ஜல்தி" என்று அதட்டினேன். அவர் படித்தார். என் வீட்டுக்காரரை ஜப்பான்காரர்கள் சயாமுக்கு ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். காலில் புண் வந்து அழுகி, வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இப்போது ஈப்போ என்கிற ஊரில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். கடைசியில் இப்படி எழுதச் சொல்லியிருந்தார்: "நான் இனிமேல் ஊருக்கு வரமாட்டேன். நொண்டியாக வந்து உனக்குப் பாரமாக இருக்க மாட்டேன். செத்துப்போனதாக நினைத்துக்கொள்."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. 1937இல் விழுப்புரம் ஸ்டேஷனில் ரயிலேறும்போது "மூணே வருஷம், வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போன மனுஷன் ஒன்பது வருஷம் கழித்து "செத்துட்டேன்னு நெனச்சிக்கோ" என்கிறாரே! யாரைக் கேட்டு முடிவு பண்ணினார்? அவர் வரமாட்டார் என்றால் நான் போகிறேன், போய்க் கையைப் பிடித்து இழுத்து வருகிறேன் என்று அங்கேயே சொன்னேன்.

சொல்லிவிட்டேன். மலாயா என்ன பக்கத்திலிருக்கிற கூட்டேரிப்பட்டா, நினைத்தவுடன் வண்டியேறிப் போக? பாஸ்போர்ட்டு வேண்டும் என்றார்கள். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வழி, வியாபாரிகளுக்கு ஒரு வழி. சும்மா போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிற என் மாதிரி ஆளுக்குத் தனியாக விண்ணப்பம், விசாரணை, அனுமதி. கல்யாண அத்தாட்சி வாங்க விழுப்புரம் கோயிலுக்குப் போனேன். படம் பிடிக்க மறுபடியும் விழுப்புரம் போனேன். படத்தில் கண்ணை மூடிவிட்டேன் என்று மூன்றாவது தடவையும் போனேன். விண்ணப்பத்தை உபதேசியாரே எழுதினார். பெருவிரலை மையில் ஒற்றி வைத்து சர்க்கார் ஆபீஸில் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு காத்திருப்பு. சித்திரை போனது, வைகாசி போனது. மில்லில் இருந்தால் வீட்டுக்குத் தபால் வந்திருக்குமோ என்று இருக்கும். வீட்டில் இருந்தால் ஆபீஸில் கூப்பிட்டிருப்பார்களோ என்று இருக்கும். சோற்றில் உப்பை இரண்டு தடவை போடுவேன், இல்லாவிட்டால் மறந்தே போவேன். பிலோமினா முகம் சுளிக்காமல் சாப்பிடுவாள். சனிக்கிழமைதோறும் தேவமாதா பீடத்துக்கு முன்னால் செபமாலை சொன்னேன். செபமாலையா அது, சண்டை! "தாயே, அவரப் பாருங்க. அவரு கால்ல கட்டு அவுத்தாங்களான்னு பாருங்க. இந்தக் காயிதத்த அனுப்பச் சொல்லுங்க. ஒமக்குக் காது கேக்குதா இல்லியா?" இப்படித்தான் கேட்டேன். மாதா என்னைப் பொறுத்துக்கொண்டார்கள்.

இப்போது என் தப்பைச் சொல்ல வேண்டும்.

ஆடி மாசம் ஒரு பகல். பிலோமினா சந்தைக்குப் போயிருந்தாள். விசாரணைக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். என் பெயர், என் அப்பா பெயர், வேலை எல்லாம் கேட்டு எழுதினார். பிறகு, "உன் ஊட்டுக்காரன் பேரு இன்னா?" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று எங்கள் அம்மா எனக்கு ஏழு வயசிலேயே சொல்லி வைத்திருந்தார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட என் வாயில் அந்தப் பெயர் வந்ததில்லை. கோயிலில் யாருக்காகப் பூசை என்று எழுதக் கேட்டால்கூட பிலோமினாதான் சொல்வாள்.

"சித்த இருங்க ஐயா, நாத்தனா வந்துடுவா, அவ சொல்லுவா" என்றேன்.

"எனக்கு ஒலக்கூருக்குப் போவணும்மா. பேஜாரு பண்ணாத. ஆராச்சும் சொல்லுங்க" என்று எதிர் வீட்டைப் பார்த்தார்.

எதிர் வீட்டு முனியம்மா நல்லவள். உதவி செய்கிறோம் என்று நினைத்து வாசலில் நின்றபடியே, "சின்னத்தம்பிங்க!" என்றாள். அது என் மாமியார் அவரைக் கூப்பிட்ட செல்லப் பெயர். தெருவில் அந்தப் பெயர்தான் எல்லாருக்கும் தெரியும். விண்ணப்பத்திலும் கோயில் புத்தகத்திலும் இருக்கிற பெயர் வேறு. எனக்குத் தெரியும். போலீஸ்காரர் பென்சிலால் எழுதுவதை என் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஐயா, அது இல்ல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் "அப்ப எது?" என்று கேட்பாரே! எந்தப் பெயர் எழுதினால் என்ன, ஆள் ஒரே ஆள்தானே என்று கம்மென்று இருந்துவிட்டேன். அவர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

புரட்டாசியில் பதில் வந்தது. உபதேசியார் படித்தார். விசாரணையில் இவளுடைய கணவன் பெயர் சின்னத்தம்பி என்று தெரிகிறது, ஆகையால் மலாயாவில் இருக்கிற சவரிமுத்து என்பவருக்கு இவள் மனைவி என்று நம்ப இடமில்லை, அனுமதி கிடையாது. அவ்வளவுதான்.

நாலு வருஷம் விதவை என்று பார்த்த தெரு, இப்போது எனக்கு இரண்டு புருஷன் என்று பேசிச் சிரித்தது. முனியம்மா வந்து என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. வாய் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காதவள் நான்தானே.

பத்து நாள் கழித்து என் வீட்டுக்காரரிடமிருந்து இரண்டாவது கடிதம் வந்தது. கிறிஸ்து பிறந்த திருநாள் முடிந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிடுவார்களாம். "எங்கே போவேன் என்று எழுத மாட்டேன். இதுதான் கடைசிக் கடிதம்" என்று இருந்தது. உடனே "வர்றேன், அங்கேயே இருங்க" என்று பதில் எழுதச் சொன்னேன். அவர் சொன்ன பேச்சு கேட்கிற ஆளா? இப்போது போகாவிட்டால் இந்த ஜென்மத்தில் அவரைப் பார்க்க முடியாது. அன்று நான் அழுதேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூக்கு ஒழுக, வெட்கமில்லாமல் அழுதேன்.

மறுநாள் விடிந்ததும் விண்ணப்பம் கொடுத்த அந்த ஆபீஸுக்குப் போய் வெராண்டாவில் உட்கார்ந்துகொண்டேன். பியூன் மூன்று தடவை எழுப்பினார். மூன்று தடவையும் திரும்ப உட்கார்ந்தேன். கையில் செபமாலை. ஆனால் ஒரு மணிகூட நகரவில்லை. அப்போதுதான் ஒன்று உறைத்தது. இத்தனை வருஷம் சர்வேசுரனிடத்திலும் மாதாவிடத்திலும் "அவரு, அவரு" என்றே வேண்டியிருக்கிறேன். பெயரைச் சொல்லி ஒரு நாளும் கேட்டதில்லை. சர்வேசுரனுக்குத் தெரியாதா என்றால், தெரியும்தான். ஆனால் எனக்குள் ஒரு பயம் உட்கார்ந்திருந்தது. சர்வேசுரனைவிட அந்தப் பயத்தைத்தான் நான் அதிகம் நம்பியிருந்தேன்.

கண்ணை மூடினேன். "சேசுவே, என் புருஷன் சவரிமுத்து. சவரிமுத்து ஆயுசு ஒம்ம கையில கீது. என் நாக்குல இல்ல. நான் உள்ள போறேன். கூட வாரும்" என்றேன்.

சொல்லி முடித்துக் கண்ணைத் திறந்தால் பியூன், "ஏம்மா, ஐயா கூப்புடறாரு, வா" என்கிறார். நான் கேட்கவே இல்லை, அவரே கூப்பிட்டார். இதை நான் யாரிடம் சொன்னாலும் மயிர்க்கூச்செறிகிறது.

புதிதாக வந்த அதிகாரி. காகிதத்தைப் புரட்டிக்கொண்டே, "உன் புருஷன் பேரென்ன?" என்றார்.

"சவரிமுத்து!" என்றேன். சத்தம் அதிகமாகிவிட்டது. எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தாக்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"சரியாத்தானே சொல்றே. விசாரணைக்கு வந்தப்ப ஏம்மா சொல்லல?"

"சொன்னா அவரு ஆயுசு கொறைஞ்சிடும்னு பயந்துக்கினேன் ஐயா. சின்னத்தம்பின்றது ஊட்ல கூப்புட்ற பேரு. எதிர் ஊட்டுப் பொம்பள சொல்லிட்டா."

"இப்ப பயமில்லையா?"

"பயமாத்தான் கீது ஐயா. ஆனா நான் போவலன்னா அவரு எங்கனா போயி அனாதையா சாவாரு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எங்க வீட்டுல கல்யாணமாகி இருபது வருஷம். ரேஷன் கார்டுக்கு என் பேரு கேட்டதுக்கு, அவ பக்கத்து வீட்டம்மாவைத்தான் கூப்பிட்டா" என்றார். குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அழுதேன், இரண்டும் சேர்ந்து வந்தது. அதே போலீஸ்காரரை மறுபடி விசாரித்து எழுதச் சொன்னார். விழுப்புரம் கோயில் சாமியார் இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று கைப்பட எழுதிக் கொடுத்தார். டிசம்பரில், தேவமாதாவின் அமலோற்பவத் திருநாளுக்கு மறுநாள் பாஸ்போர்ட்டு என் கையில் இருந்தது.

ஆனாலும் கப்பல் புது வருஷத்துக்குப் பிறகுதான். கிறிஸ்து பிறந்த திருநாள் முடிந்துபோனது. விழுப்புரம் கோயிலைச் சேர்ந்த ஒரு குடும்பம் பினாங்குக்குப் போனது, அவர்களோடு ஏறினேன். எட்டு நாள் கடல். வாந்தி ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். பெயரைச் சொல்லிவிட்டேனே, அம்மா சொன்னது பலித்துவிடுமோ? விசுவாசம் ஒரே நாளில் முழுசாக வந்துவிடுகிறதா என்ன? கப்பல் முழுக்க "சவரிமுத்துவைக் காப்பாத்தும்" என்று சொல்லிக்கொண்டே போனேன்.

பினாங்கில் இறங்கி, அந்தக் குடும்பம் ரயிலேற்றிவிட, ஈப்போவுக்குப் போய் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தேன். ஒரு நர்ஸம்மா தமிழ் பேசினார். கட்டிலைக் காட்டினார். காலியாக இருந்தது. போர்வையை மடித்து வைத்திருந்தார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. பெயரைச் சொல்லி நானே அவரைக் கொன்றுவிட்டேன் என்றுதான் முதலில் தோன்றியது. தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அழாதம்மா, ஆளு நல்லாத்தான் இருக்காரு. காலையிலதான் அனுப்பினோம். ரயிலுக்குப் போறேன்னாரு" என்றார் நர்ஸம்மா.

ஓடினேன். பாஷை தெரியாது, வழி தெரியாது. கேட்டுக் கேட்டு ஓடினேன். ஸ்டேஷனில் சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று ஒரே கூட்டம். கட்டைக்கால் வைத்தவர்கள், கோல் ஊன்றியவர்கள் ஏழெட்டுப் பேர், எல்லாரும் எலும்பும் தோலுமாக. ஒன்பது வருஷத்தில் என் புருஷன் எப்படி ஆகியிருப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. ரயில் வந்து நின்றது. நான், "ஏங்க! ஏங்க!" என்று கத்தினேன். நாலைந்து ஆம்பிளைகள் திரும்பினார்கள். ஒருவரும் அவர் இல்லை. உலகத்தில் எந்தப் பெண்டாட்டியும் அப்படித்தானே கூப்பிடுவாள்!

அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "சவரிமுத்தூ! திண்டிவனம் சவரிமுத்தூ!"

ரயில் படியில் கோலை வைத்த ஒருவர் அப்படியே நின்றார். மெதுவாகத் திரும்பினார். தலை முழுக்க நரைத்திருந்தது. கண் மட்டும் அவருடையது.

"யாரு? ஆரோக்கியமா?" என்றார். அப்புறம், "என் பேரையா சொன்னே?" என்று கேட்டுவிட்டு, அத்தனை பேருக்கு நடுவில் குழந்தை மாதிரி அழுதார். ரயில் அவரை விட்டுவிட்டுப் போனது.

இப்போது அவர் திண்டிவனத்தில் என்னோடு இருக்கிறார். மில் வாசலில் சாக்குத் தைக்கிறார். பாரம் என்று ஒரு நாள் சொன்னார், வாங்கிக் கட்டிக்கொண்டார். கால் அப்படியேதான் இருக்கிறது. அற்புதம் நடந்து கால் முளைத்தது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். சர்வேசுரன் எனக்குச் செய்தது வேறு. ஏழு வயசிலிருந்து என் நெஞ்சில் கிடந்த பயத்தை ஒரு வெராண்டாவில் வைத்துப் பிடுங்கிப் போட்டார்.

ஆகையால் சகோதரிகளே, சகோதரரே, கேட்கிறதை நேராகக் கேளுங்கள். சொன்னால் என்ன ஆகுமோ என்று மென்று விழுங்காதீர்கள். உங்கள் பிள்ளை, உங்கள் வியாதி, உங்கள் வெட்கம், எதுவாக இருந்தாலும் அதன் பெயரைச் சொல்லி அவர் முன்னால் வையுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை நன்றிப் பூசைக்கு எழுதும்போது சாமியார், "யாருக்காக அம்மா?" என்று கேட்டார். பிலோமினா பழக்கத்தில் வாயைத் திறந்தாள். நான் அவள் கையை அழுத்திவிட்டு, நானே சொன்னேன்.